குறிப்பேடும் விடைத்தாளும்: புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்வுத்தரம் அளக்கப்பட்ட வரலாறு (1904–2023)

ஆய்வுச்சுருக்கம்

புராஸ்டேட் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவற்றின் வெற்றி நெடுங்காலம் நோயாளி உயிர்பிழைத்த ஆண்டுகளைக் கொண்டே கணிக்கப்பட்டது. சிறுநீர்க் கசிவு, விறைப்பின்மை, குடல் தொல்லை ஆகிய பின்விளைவுகளை மருத்துவரே வினவி, மருத்துவரே பதிந்தார். 1980களின் இறுதியிலிருந்து, சிகிச்சை அளித்தவர் அல்லாத பிறர் நோயாளியிடம் நேராக வினவத் தொடங்கியபோது, அதே சிகிச்சைகளின் விளைவு வேறு தோற்றம் கொண்டது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அது எதனை வெளிக்கொணர்ந்தது, எதனை இன்னும் வெளிக்கொணரவில்லை என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: புராஸ்டேட் புற்றுநோய், வாழ்வுத்தரம், மருத்துவ வரலாறு, வினாநிரல், நோயாளி சாட்சியம்

முன்னுரை

சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்வடிகுழாயைச் சூழ்ந்து அமைந்துள்ள சிறிய சுரப்பி புராஸ்டேட் ஆகும். அதன் கீழே சிறுநீரை அடக்கும் சுருக்குத்தசையும், இருபுறமும் விறைப்புக்குரிய நரம்புகளும், பின்னே மலக்குடலும் உள்ளன. இந்த அமைவிடமே நாம் ஆராயப்புகும் சிக்கலுக்கு அடிப்படை. சுரப்பியைக் கத்தியால் அகற்றினாலும் கதிரால் அழித்தாலும் அதன் அண்டையில் உள்ளவை தப்புவது அரிது. நோய் நீங்கிய ஒருவர் அதன்பின் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடும். அந்த ஆண்டுகள் எத்தகையன என்ற வினாவே 'வாழ்வுத்தரம்' என்று இங்குச் சுட்டப்படுகின்றது.

சொல்லாட்சி பற்றி இரண்டு விளக்கங்கள் தேவை. 'வாழ்க்கைத்தரம்' என்னும் சொல் தமிழில் பெரிதும் வருவாய், வசதி ஆகியவற்றைக் குறித்து வழங்குவதால், உடல், மன, உறவு நிலைகளை ஒருங்கே குறிக்க 'வாழ்வுத்தரம்' என்ற சொல் இங்குக் கையாளப்படுகின்றது. அவ்வாறே 'ஆண்மைக்குறைவு' என்னும் வழக்குச் சொல் தவிர்க்கப்பட்டு, 'விறைப்பின்மை' என்ற சொல் ஆளப்படுகின்றது. 'ஆண்மை' என்பது தமிழ் மரபில் வீரம், ஆளுந்தன்மை, ஒழுக்கம் எனப் பல பொருள்களைத் தாங்கிய சொல். ஒரு நரம்பு அறுபட்டதன் விளைவை அச்சொல்லால் குறிக்கும்போது, உடற்குறை ஒருவரின் மதிப்புக்கே ஏற்பட்ட குறையாகிவிடுகின்றது. பின்விளைவுகளைப் பற்றி ஆண்கள் வாய்திறக்கத் தயங்கியதற்கு இத்தகைய சொற்களுக்கும் பங்கு உண்டு. பிற மொழிச் சமூகங்களிலும் இந்நிலை இருந்தது என்பதை இவ்வரலாறு காட்டும்.

1. உயிர்பிழைப்பே அளவுகோலான காலம்

1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹியூ ஹாம்ப்டன் யங் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுமையாக அகற்றும் அறுவையைச் செய்தார். விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதியின் வழியாக அது செய்யப்பட்டது. நான்கு நோயாளிகளுக்குச் செய்த அறுவைகளை அவர் 1905இல் வெளியிட்டார். 1940களில் அயர்லாந்தைச் சேர்ந்த டெரன்ஸ் மில்லின் அடிவயிற்றின் வழியே சுரப்பியை அணுகும் முறையை நிலைநிறுத்தினார். எனினும் அக்காலத்தில் பெரும்பாலான நோயாளிகள் நோய் எலும்புகளுக்குப் பரவிய பின்னரே மருத்துவரிடம் வந்தனர். அத்தகையோருக்கு, ஆண் ஹார்மோனைக் குறைப்பதால் நோய் தணியும் என்று 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டியதே பெரும் ஆறுதலாக அமைந்தது. அவருக்கு 1966இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கதிர்வீச்சுச் சிகிச்சையின் வரலாறும் ஏறக்குறைய இதே காலத்தது. 1910களில் ரேடியத்தை உடலினுள் வைத்துச் சுரப்பியைச் சுடும் முயற்சிகள் நடந்தன. 1956இல் ஸ்டான்போர்டில் மால்கம் பாக்ஷா நேரியல் முடுக்கியைக் கொண்டு புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கிய பின்னரே, உயராற்றல் கதிர்வீச்சு அறுவைக்கு மாற்றாக எண்ணப்படும் நிலை உருவாயிற்று.

இக்காலத்தில் நோயாளியின் நிலையை அளக்கக் கருவி இல்லாமலில்லை. 1948–49இல் டேவிட் கார்னோஃப்ஸ்கியும் உடன் பணியாற்றியோரும் 100 முதல் 0 வரையிலான அளவுகோல் ஒன்றை அமைத்தனர். நோயாளி தம் வேலைகளைத் தாமே செய்துகொள்கிறாரா, பிறர் உதவி வேண்டியவரா, படுக்கையில் உள்ளவரா என்பதை அது மதிப்பிட்டது. மதிப்பெண் இட்டவர் மருத்துவர். நடமாட்டமே அதில் முதன்மை பெற்றது. நாள்தோறும் நனைந்த ஆடையுடன் அலுவலகம் செல்லும் ஒருவர் அவ்வளவுகோலில் முழு மதிப்பெண்ணுக்கு அருகில் நிற்பார். கேட்கப்படாத ஒன்று பதிவாகாது. பதிவாகாத ஒன்று சிகிச்சையின் கணக்கிலும் ஏறாது.

2. தனிப்பதிவும் பொதுமௌனமும்

மருத்துவப் பதிவுகளுக்கு வெளியே நோயாளிகளின் குரல் ஒலித்த இடங்கள் சிலவே. இரண்டாம் உலகப்போர் பற்றிய நூல்களால் புகழ்பெற்ற கார்னீலியஸ் ரயன் 1970இல் தமக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பதை அறிந்தார். 1974இல் இறக்கும்வரை தம் நோயனுபவத்தை ஒலிநாடாக்களில் தனியே பதிந்துவந்தார். அவர் மறைந்த பின்னரே அவை கண்டெடுக்கப்பட்டு, மனைவி கேத்ரின் மார்கன் ரயனின் குறிப்புகளோடு இணைந்து 1979இல் 'எ பிரைவேட் பேட்டில்' என நூலாயின. படைவீரர்கள் பலரின் சாட்சியத்தைத் தொகுத்து வரலாறு எழுதியவர், தம் சொந்தச் சாட்சியத்தை வாழ்நாளில் வெளியிடவில்லை. தலைப்பில் அமைந்த 'தனிப்பட்ட' என்னும் பொருளுடைய சொல்லே அக்காலத்தின் மனநிலைக்குச் சான்றாகும்.

இதற்கு மாறாக, பதிப்பாளர் மைக்கேல் கோர்டா 1996இல் வெளியிட்ட 'மேன் டு மேன்' என்னும் நூல், அறுவைக்குப் பின் நேர்ந்த சிறுநீர்க் கசிவையும் விறைப்பின்மையையும் வெளிப்படையாகப் பேசியது. இவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகளிலேயே இக்கட்டுரை ஆராயும் மாற்றம் நிகழ்ந்தது.

3. ஒரு நோயாளியின் சொல்லும் நரம்பு காக்கும் அறுவையும்

விறைப்பின்மை புராஸ்டேட் அகற்றத்தின் தவிர்க்கவியலாத விலை என்றே 1970கள் வரை கருதப்பட்டது. விறைப்புக்குரிய நரம்புகள் சுரப்பியினூடே செல்கின்றன என்ற எண்ணமே அதற்குக் காரணம். 1977இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேட்ரிக் வால்ஷிடம் அறுவை செய்துகொண்ட ஒருவர், மூன்று மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்தபோது, தம் பாலுறவு ஆற்றல் குன்றவில்லை என்று கூறினார். நரம்புகள் சுரப்பியினூடே சென்றால் இது நிகழ்ந்திருக்க இயலாது என வால்ஷ் எண்ணினார். 1981இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், பணி ஓய்வு பெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கருடன் இணைந்து, இறந்து பிறந்த ஆண் சிசுவின் உடலில் அந்நரம்புகளைத் தேடிக் கண்டார். அவை சுரப்பிக்கு வெளியே, அதன் இருபக்கத்தையும் ஒட்டிச் சென்றன. 1982 ஏப்ரல் 26 அன்று, அந்நரம்புகளைத் திட்டமிட்டுக் காக்கும் முதல் அறுவையை வால்ஷ் செய்தார்.

உடற்கூற்றியலின் வெற்றியாக எடுத்துரைக்கப்படும் இந்நிகழ்வை வேறொரு கோணத்திலும் காணலாம். பாடநூல் கூறியதற்கு மாறான ஒரு நோயாளியின் சொல்லை மருத்துவர் ஒருவர் பிழையென ஒதுக்காமல் சான்றாக ஏற்றார். கண்டுபிடிப்பின் தொடக்கம் அவ்வேற்பில் இருந்தது.

இதன்பின் அறுவைக்கான தயக்கம் குறைந்தது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. எனப்படும் புரதத்தின் அளவைக் காணும் பரிசோதனைக்கு, நோயின் போக்கைக் கண்காணிக்க 1986இலும் நோயைக் கண்டறிய 1994இலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எவ்வித அறிகுறியும் இல்லாத ஆண்களிடம் நோய் கண்டறியப்பட்டது. மெடிகேர் என்னும் அமெரிக்க அரசு முதியோர் மருத்துவக் காப்பீட்டில், 1984க்கும் 1990க்கும் இடையில் புராஸ்டேட் முழு அகற்ற அறுவையின் வீதம் ஐந்து மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. நோயாளி என்பவரின் இயல்பே இவ்வாறு மாறிற்று. எலும்பு வலியோடு வந்தவருக்குச் சிகிச்சை பெறுவதற்கு இருந்தது. நலமாக உலவியவருக்கோ இழப்பதற்கு இருந்தது. வாழ்வுத்தரம் என்னும் வினா 1990களில் கூர்மை பெற்றதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

4. வினவும் இடம் மாறியது

1991இல் வால்ஷ் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில், அறுவைக்கு முன் விறைப்பு ஆற்றல் பெற்றிருந்த 503 பேரில் 68 விழுக்காட்டினர் அறுவைக்குப் பின்னும் அதனைப் பெற்றிருந்தனர். 1993இல் ஃப்ளாய்டு ஃபௌலரும் குழுவினரும் வேறொரு கணக்கை வெளியிட்டனர். ஃபௌலர் அறுவை மருத்துவர் அல்லர். கணக்கெடுப்பு முறையியலில் வல்லவர். 1988–1990இல் மெடிகேர் வழி அறுவை பெற்றோரிடம் அஞ்சல், தொலைபேசி, நேர்காணல் வழியாக அவர்கள் வினவினர். 30 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கசிவைச் சமாளிக்க உறிஞ்சு அணையாடையோ கவ்வியோ பயன்படுத்துவதாகக் கூறினர். முந்தைய மாதத்தில் பாலுறவுக்குப் போதிய விறைப்பு ஒருமுறையேனும் ஏற்பட்டது என்றவர்கள் 11 விழுக்காட்டினர் மட்டுமே.

68, 11 ஆகிய இவ்விரு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்துதல் முறையன்று. முதலாவது, ஒரே தேர்ந்த அறுவையாளரின் நோயாளிகளைப் பற்றியது. அவர்கள் வயதில் இளையோர். இரண்டாவது, நாடு முழுவதும் பல மருத்துவரிடம் அறுவை பெற்ற முதியோரைப் பற்றியது. எனினும் வேறுபாடு முழுவதையும் வயதுக்கும் கைத்திறனுக்கும் உரியதாக்கிவிட இயலாது. உயிரைக் காத்த மருத்துவரின் முகத்தைப் பார்த்து 'நலமா' என்ற வினாவுக்கு விடையளிப்பது வேறு. அறிமுகமற்ற ஒருவர் அனுப்பிய தாளில், தனியறையில் அமர்ந்து குறியிடுவது வேறு. நன்றியும் நாணமும் முதல் விடையின்மீது அழுத்தம் செலுத்துகின்றன. நோயாளிகளின் வாழ்வுத்தரத்தைச் சிறுநீரியல் மருத்துவர்களின் மதிப்பீட்டோடும் நோயாளிகளின் சொந்த மதிப்பீட்டோடும் ஒப்பிட்டு மார்க் லிட்வின் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவர்கள் பாதிப்பைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டனர் என்பதை உறுதிசெய்தது.

லிட்வின் குழுவின் மற்றொரு பங்களிப்பு கருத்துநிலை சார்ந்தது. 1998இல் வெளியான கலிபோர்னியாப் பல்கலைக்கழக வினாநிரலில் 'செயற்பாடு', 'தொல்லை' என்னும் இரண்டும் தனித்தனியே வினவப்பட்டன. கசிவு எவ்வளவு என்பது செயற்பாடு. அக்கசிவு அவரை எவ்வளவு வருத்துகின்றது என்பது தொல்லை. மிகுதியாகக் கசிந்தும் பொருட்படுத்தாதவர் உண்டு. சில துளிகளுக்கே வெளியே செல்வதைக் கைவிட்டவரும் உண்டு. முன்னதைப் பிறர் காணலாம். பின்னதை உரியவரே கூற இயலும். இவ்வேறுபாட்டை ஏற்றதன் வழி, அளவையியல் நோயாளியை வெறும் தகவலாளர் நிலையிலிருந்து தம் வாழ்வை மதிப்பிடுபவர் நிலைக்கு உயர்த்தியது. 2000ஆம் ஆண்டு இதன் விரிவாக எபிக் என்னும் வினாநிரல் வெளிவந்தது. கதிர்வீச்சால் நேரும் எரிச்சலும் ஹார்மோன் சிகிச்சையின் விளைவுகளும் அதில் இடம்பெற்றன.

இதே காலத்தில் நோயாளிகளும் கூடிப் பேசத் தொடங்கினர். மார்பகப் புற்றுநோய்ப் பெண்களின் குழுக்களை முன்மாதிரியாகக் கொண்டு 1990இல் 'அஸ் டூ' என்னும் அமைப்பு சிகாகோ பகுதியில் தோன்றியது.

5. அறுவையும் கதிர்வீச்சும்: ஒப்பீட்டின் வளர்ச்சி

அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றுள் எது குறைந்த இழப்பைத் தரும் என்ற வினாவுக்கு, தத்தம் சிகிச்சையின் பதிவுகளைக் கொண்டே இரு துறையினரும் விடை கூறிவந்தனர். பெரும்பாலும் இளையோரும் திடமானோரும் அறுவைக்கும், முதியோர் கதிர்வீச்சுக்கும் சென்றமையால் அவ்வொப்பீடு சீரற்றதாயிற்று. குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்வதே இதற்குத் தீர்வு.

1989–1999இல் சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து நாடுகளில் 695 பேரைக் கொண்டு நிகழ்ந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு, அறுவையையும் சிகிச்சையின்றிக் காத்திருத்தலையும் ஒப்பிட்டது. 2002இல் வெளியான அதன் வாழ்வுத்தர முடிவுகளின்படி, விறைப்பின்மை அறுவைப் பிரிவில் 80 விழுக்காடு, காத்திருந்தோரில் 45 விழுக்காடு. சிறுநீர்க் கசிவு முறையே 49, 21. ஆனால் சிறுநீர் தடைப்படுதல் அறுவைப் பிரிவில் 28 ஆகவும் காத்திருந்தோரில் 44 ஆகவும் இருந்தது. சுரப்பியை அகற்றாமல் விடுவதற்கும் விலை உண்டு என்பதை இறுதி எண்கள் காட்டின.

பிரிட்டனில் 1999இல் ஃப்ரெடி ஹம்டி, ஜென்னி டோனோவன், டேவிட் நீல் ஆகியோர் தொடங்கிய ப்ரொடெக்ட் ஆய்வு 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்தது. தொடக்கத்தில் குலுக்கலுக்கு இசைந்தோர் குறைவு. சமூக மருத்துவ ஆய்வாளரான டோனோவன், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். 'விழிப்புடன் காத்திருத்தல்' என்று மருத்துவர் கூறியதை, 'நாம் இறப்பதை இவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்' என்ற பொருளில் சிலர் கொண்டிருந்தனர். அத்தொடர் நீக்கப்பட்டு 'செயல்முனைப்புக் கண்காணிப்பு' என்ற தொடர் வந்தது. விளக்கும் முறையும் திருத்தப்பட்டது. இசைவோர் விழுக்காடு 30–40 என்ற நிலையிலிருந்து ஏறத்தாழ 70ஆக உயர்ந்தது. மருத்துவ ஆய்வொன்றின் போக்கைச் சொல்லாராய்ச்சி திருத்திய இந்நிகழ்வு மொழித்துறை ஆய்வாளர்களின் கவனத்திற்கு உரியது.

2016இல் வெளியான முடிவுகளின்படி, குலுக்கலுக்கு ஆறு மாதங்களுக்குப் பின் அணையாடை பயன்படுத்தியோர் அறுவைப் பிரிவில் 46 விழுக்காடு, கதிர்வீச்சில் 5, கண்காணிப்பில் 4. ஆறு ஆண்டுகளில் இவை முறையே 17, 4, 8 என மாறின. பாலுறவுக்குப் போதிய விறைப்பு தொடக்கத்தில் 67 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஆறு மாதங்களில் அது அறுவைப் பிரிவில் 12, கதிர்வீச்சில் 22, கண்காணிப்பில் 52 எனக் குறைந்தது. கதிர்வீச்சுப் பிரிவினர் சில மாதங்கள் ஹார்மோன் சிகிச்சையும் பெற்றதை இங்குக் கருதவேண்டும். ஆறு ஆண்டுகளில் இவ்வெண்கள் 17, 27, 30 என நெருங்கின. குடல் தொல்லை கதிர்வீச்சுப் பிரிவில் முதல் ஆறு மாதங்களில் மிகுந்து, பின்னர்ப் பெரிதும் தணிந்தது. மலத்தில் இரத்தம் காணுதல் மட்டும் அப்பிரிவில் தொடர்ந்து மிகுதியாக இருந்தது. 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவில், மூன்று பிரிவுகளிலும் சேர்த்துப் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தோர் 45 பேர், அதாவது 2.7 விழுக்காடு. பிரிவுகளிடையே இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

உயிர்பிழைப்பு ஒன்றாக இருக்கும்போது, தேர்வைத் தீர்மானிக்க எஞ்சுவது வாழ்வுத்தரமே. ஒரு நூற்றாண்டாக ஓரக்குறிப்பாக இருந்தது இங்கு மையத்திற்கு வந்துவிடுகின்றது.

6. 'வேறுபாடில்லை' என்னும் முடிவைப் படித்தல்

மேற்கண்ட ஆய்வுகள் பலவற்றில் ஒரு முடிவு திரும்பத் திரும்ப வருகின்றது. கசிவு, விறைப்பு ஆகியவற்றில் பெரும் வேறுபாடு இருந்தும், பொதுவான வாழ்வுத்தரம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றில் பிரிவுகளிடையே வேறுபாடு இல்லை. ஃபௌலரின் மெடிகேர் நோயாளிகளுள் பெரும்பாலோரும் மீண்டும் அதே சிகிச்சையையே தேர்வோம் என்றனர்.

இதனை இரு வகையில் பொருள்கொள்ளலாம். மனிதர் இழப்போடு ஒத்துப்போகக் கற்கின்றனர் என்பது ஒன்று. பொதுவான வினாக்கள் குறிப்பான இழப்பைத் தொடுவதில்லை என்பது மற்றொன்று. உயிர் எஞ்சியதற்கு நன்றி கூறும் ஒருவர், இழந்ததற்காக வருந்துவதை முரண்பாடாக எண்ணி மறைக்கவும் கூடும். ஆதலின் பொது வாழ்வுத்தர மதிப்பெண்ணை மட்டும் காட்டிச் 'சிகிச்சையால் வாழ்வு பாதிக்கப்படுவதில்லை' என்று கூறுவது, பழைய குறிப்பேட்டு முறைக்கே வேறு வழியில் திரும்புவதாகும்.

வினாநிரல்களுக்கும் எல்லைகள் உண்டு. 'பாலுறவுக்குப் போதிய விறைப்பு' என்னும் வினா, ஆண்–பெண் உறவை மட்டும் இயல்பெனக் கொண்டு, நெருக்கத்தை ஒரு செயலளவில் சுருக்குகின்றது. அணையாடையைத் துவைத்தவரும் இரவில் உடன் விழித்தவருமான வாழ்க்கைத்துணையிடம் இவ்வினாநிரல்கள் எதுவும் கேட்பதில்லை. ப்ரொடெக்ட் ஆய்வில் பங்கேற்றோரில் மிகப் பெரும்பான்மையினர் வெள்ளையர். வினவும் இடம் மாறியதால் கிடைத்த தெளிவு, இன்னும் வினவப்படாதவர்கள் உள்ளனர் என்பதையும் உணர்த்துகின்றது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்வுத்தரம் பொருட்படுத்தப்பட்டதற்கு மருத்துவக் கருவிகளின் வளர்ச்சி மட்டும் காரணமன்று. நோயாளி என்பவர் யார் என்பதும், அவரிடம் வினவுபவர் யார் என்பதும் மாறியமையே முதன்மைக் காரணம்.

2. இம்மாற்றத்தில் கணக்கெடுப்பு முறையியல், சமூகவியல், உரையாடல் ஆய்வு ஆகிய மருத்துவம் சாராத துறைகளின் பங்கு பெரிது.

3. செயற்பாட்டையும் தொல்லையையும் பிரித்தறிந்தமை, நோயாளியின் மதிப்பீட்டைச் சான்றாக ஏற்பதற்கு வழிவகுத்தது.

4. 'பொது வாழ்வுத்தரத்தில் வேறுபாடில்லை' என்னும் முடிவு குறிப்பான இழப்புகளோடு சேர்த்துப் படிக்கப்படவேண்டும்.

நோய் அறியப்பெற்ற ஒருவர் 'நூற்றுக்கு இத்தனை பேர் நலமாக உள்ளனர்' என்ற எண்ணைக் கேட்டே தம் உடலைப் பற்றிய முடிவை எடுக்கின்றார். அந்த எண் எவருடைய தாளிலிருந்து வந்தது என்று வினவும் உரிமை அவருக்கு உண்டு. அவ்வினாவுக்கு விடையளிப்பது மருத்துவத்தின் கடமை மட்டுமன்று. சான்றுகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை ஆராயும் வரலாற்றுத் துறையின் கடமையுமாகும்.